டிஸ்க் மலிவுதானே என்பவர்களுக்கு

தாம்பரம் சானடோரியத்தில் 1984-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஏற்றுமதி வளாகத்தில் ஆரம்பித்து, ஜி.எஸ்.டி. சாலையில் கூடுவாஞ்சேரி வரையிலும், அந்தண்டை தரமணி, பெருங்குடி, சோழிங்கநல்லூர், சிறுசேரி என்று பழைய மகாபலிபுரம் சாலை நெடுகிலும், பிறர் எழுதிய மென்பொருளைச் சோதித்துக் குற்றம் காண்பதையே ஜீவனோபாயமாகக் கொண்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறோம். எங்களுக்குள் அபிப்பிராய பேதங்களுக்குக் குறைவில்லை. எந்தக் கருவி சிறந்தது, தானியங்கிச் சோதனை மனிதக் கண்ணுக்கு ஈடாகுமா, ரிலீஸ் தேதியை முன்னிட்டு ஒரு பக்கை மன்னிக்கலாமா என்றெல்லாம் டீக்கடை வாசலில் நின்று நெடுநேரம் வாதாடுவோம். ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பெரிய ஸ்தாபனத்து மேலாளரும், நேற்று வேலையில் சேர்ந்த இளைஞரும், இயந்திரங்களைப் பராமரிக்கும் அட்மினும் ஒரே குரலில் பேசுவதைக் கேட்டு வருகிறேன். சோதனைக்கென வைத்திருக்கும் மெய்நிகர் இயந்திரங்கள், அதாவது வி.எம்.கள், நாளுக்கு நாள் வீங்கி இடத்தை அடைத்துக்கொண்டால் அதற்காகக் கவலைப்படுவது வீண் என்பதும், டிஸ்க் மலிவு, ஆளின் நேரம்தான் விலை உயர்ந்தது என்பதும், நிரம்பிவிட்டால் இன்னொன்று வாங்கிப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்க வேண்டும் என்பதுமே அந்தக் குரல். இக்கொள்கை அடி முதல் நுனி வரை பிழையானது என்பது என் துணிபு. இருபதாண்டு அனுபவத்தில் அதற்குப் பெருவிலையும் கொடுத்திருக்கிறேன்.

இத்துறைக்குப் புறம்பான வாசகருக்காக ஒரு வார்த்தை. வி.எம். என்பது ஒரு கம்ப்யூட்டருக்குள்ளேயே மென்பொருளால் சமைத்த இன்னொரு கம்ப்யூட்டர். அதற்கென்று தனி இயங்குதளமும், தனி நினைவகமும், தனி டிஸ்க்கும் உண்டு. ஆயினும் அந்த டிஸ்க் என்பது வெளியே இருக்கும் உண்மையான கம்ப்யூட்டரில், ஹோஸ்டில், கிடக்கும் ஒரு பெரிய ஃபைலேயன்றி வேறில்லை. ஐ.பி.எம். 1972-ல் வி.எம்./370 என்ற அமைப்பை வெளியிட்ட காலத்திலேயே, அன்றாட வேலை நடந்துகொண்டிருக்கும் பழைய இயங்குதளத்துக்கு ஊறு நேராமல் புதியதைப் பக்கத்தில் ஓட்டிப் பரீட்சித்துப் பார்ப்பது அதன் முக்கியப் பிரயோஜனங்களுள் ஒன்றாயிருந்தது. 1999-ல் வி.எம்.வேர் வொர்க்ஸ்டேஷன் அந்த வித்தையைச் சாதாரண மேசைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தது; பின்னர் வர்ச்சுவல்பாக்ஸ் இலவசமாகவே கிடைக்கலாயிற்று. ஒரே மேசையில் விண்டோஸ் எக்ஸ்.பி.யும், விண்டோஸ் 7-உம், இரண்டு மூன்று விதமான லினக்ஸும் ஓட வேண்டிய எங்கள் தொழிலுக்கு இதைப் போன்ற வரப்பிரசாதம் வேறொன்று வாய்க்கவில்லை.

இந்த இயந்திரம் வீங்குவது எப்படி என்பதைத் தெரிந்துகொண்டால்தான் வாதம் விளங்கும். 80 ஜி.பி. என்று சொல்லி ஒரு வி.எம்.மை உண்டாக்கினால், தொடக்கத்தில் அதன் டிஸ்க் ஃபைல் வெகு சிறிதாகவே இருக்கும். உள்ளே எழுத எழுத வளரும். வளரத் தெரிந்த அதற்குத் தானாகச் சுருங்கத் தெரியாது. உள்ளே ஒரு ஃபைலை அழித்தால், அங்குள்ள இயங்குதளம் தன் பட்டியலில் அந்த இடத்தைக் காலி என்று குறித்துக்கொள்கிறது, அவ்வளவே. எழுதியது எழுதியபடி கிடக்க, வெளியே நிற்கும் ஹோஸ்டுக்கு அந்தச் செய்தி போய்ச் சேருவதில்லை. குடித்தனக்காரர் சாமான்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சாவியை மட்டும் வீட்டுக்காரரிடம் கொடுக்கவில்லை. வீட்டுக்காரரோ வீடு இன்னும் குடியிருப்பில் இருப்பதாகவே எண்ணிக்கொண்டிருக்கிறார். மென்பொருளின் புதுப் பதிப்பாகக் காலையில் ஒரு பில்ட், மாலையில் ஒரு பில்ட் என்று நிறுவுவதும் நீக்குவதுமே எங்கள் தொழிலாகையால், ஓராண்டுக்குள் 80 என்று சொன்ன இயந்திரம் அந்த 80-ஐயே பிடித்துக்கொண்டு நிற்கும். உள்ளே போய்ப் பார்த்தால் மெய்யாகவே உபயோகத்தில் இருப்பது 25-உம் இராது. எஞ்சியதெல்லாம் ஏரியில் படிந்த வண்டல். அதை மீட்கும் வேலைக்கு எங்கள் அலுவலகத்தில் தூர் வாருதல் என்றே பெயர் வைத்திருக்கிறோம்.

டிஸ்க் மலிவு என்னும் முதற் பிரமாணத்தை எடுத்துக்கொள்கிறேன். 1956-ல் ஐ.பி.எம். வெளியிட்ட முதல் ஹார்டு டிஸ்க், 50 தட்டுகளை அடுக்கி அலமாரி அளவுக்கு நின்றும், 50 லட்சம் எழுத்துகளையே கொண்டது; இன்று நகத்தளவு கார்டில் அதைப் போல் பல்லாயிரம் மடங்கு அடங்கிவிடுகிறது. விலை வீழ்ந்திருக்கிறது என்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அது வீழ்ந்துகொண்டே இருக்கும் என்பது இயற்கையின் நியதி அன்று. 2011-ஆம் ஆண்டின் இறுதியில் தாய்லாந்தில் வெள்ளம் வந்து, ஹார்டு டிஸ்க் தொழிற்சாலைகள் நீரில் மூழ்கியபோது, உலகெங்கும் விலை ஏறி, பல மாதங்கள் இறங்காமலே இருந்தது. அதைவிட முக்கியமான பிழை ஒன்று இந்தப் பிரமாணத்தில் இருக்கிறது. ரிச்சி தெருவில் பெட்டிக்குள் இருக்கும் டிஸ்க்கின் விலையைச் சொல்லிவிட்டு, அதில் வைத்ததைப் படிக்கவும், நகலெடுக்கவும், இன்னோர் இடத்துக்கு அனுப்பவும், ஆபத்தில் தூக்கிக்கொண்டு ஓடவும் ஆகும் செலவை அவர்கள் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அந்தச் செலவு ஒவ்வொரு ஜி.பி.க்கும், அது வண்டலாயினும் சரி, மெய்யான சரக்காயினும் சரி, ஒரே விகிதத்தில் விழுகிறது.

இதை நான் புத்தகத்திலே கற்கவில்லை. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் தேதி இரவு மேற்குத் தாம்பரத்தில் கற்றேன்.

அப்போது நான் வேலை பார்த்த சிறு ஸ்தாபனம், முடிச்சூர் சாலையை ஒட்டிய ஒரு வாடகைக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. மறுநாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 சென்டிமீட்டர். அடையாறு கரை மீறி வரதராஜபுரம், முடிச்சூர்ப் பக்கம் புகுந்துகொண்டிருக்கிறது என்று செய்தி வந்தபோது இரவு மணி எட்டு. நானும் இன்னும் இருவரும் வாசற்காவலரும் மட்டுமே அங்கே இருந்தோம். மின்சாரம் போய்விட்டது. முற்றத்தில் உயர்ந்த மேடையில் இருந்த ஜெனரேட்டரில் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு டீசல் இருந்தது. ஹோஸ்ட் பெட்டிகளோ சுவரோடு பொருத்திய இரும்புச் சட்டத்தில், கீழ் வரிசையில். சட்டத்தைக் கழற்றக் கருவி இல்லை. கழற்றத் தெரிந்தவர் வேளச்சேரியில் தம் வீட்டு மொட்டைமாடியில் சிக்கியிருந்தார். கையில் இருந்தது ஒரு டி.பி. கொள்ளளவுள்ள போர்ட்டபிள் டிஸ்க் ஒன்று.

பதினொரு வி.எம்.கள் இருந்தன. அவற்றின் ஃபைல்களைக் கூட்டிப் பார்த்தேன்: 1,340 ஜி.பி. விநாடிக்கு 100 எம்.பி. வேகத்தில் நகலெடுத்தால், டீசல் தீரும்வரை வெளியேறக்கூடியது 720 ஜி.பி.தான். எந்த இயந்திரத்தை எடுப்பது, எதை விடுவது என்று ஒரு தாளில் எழுதி, எழுதியதை அடித்து, மறுபடி எழுதினோம். வீட்டில் நெருப்புப் பற்றியபோது எந்தப் பெட்டியை முதலில் தூக்குவது என்று வாசலில் நின்று யோசிப்பவரின் மனநிலையே எங்களுக்கும் இருந்தது. நகலெடுக்கும் பட்டை அங்குலம் அங்குலமாக நகர்ந்துகொண்டிருக்க, காவலர் அரை மணிக்கு ஒருமுறை வந்து சொல்லிக்கொண்டிருந்தார். "ஸார், தண்ணி முதப் படிக்கு வந்திடுச்சு." பிறகு, "ஸார், ரெண்டாவது படி." ஆறு இயந்திரங்கள் வெளியேறின. ஏழாவது பாதியில் இருக்கும்போது ஜெனரேட்டர் நின்றது. விடியற்காலையில் தண்ணீர் சட்டத்தின் கீழ் வரிசையை மூடியிருந்தது.

பல நாள் கழித்து, தப்பிய ஆறையும் திறந்து ஒவ்வொன்றின் உள்ளேயும் மெய்யாக இருந்தது எவ்வளவு என்று பார்த்தேன். தொலைந்த ஐந்துக்கும் பழைய குறிப்புகளைக் கொண்டு கணக்குப் போட்டேன். பதினொன்றுக்கும் சேர்த்து ஏறத்தாழ 430 ஜி.பி. அதே டிஸ்க்கில், அதே வேகத்தில், ஒரு மணி பன்னிரண்டு நிமிஷத்தில் எல்லாமே வெளியேறி, டீசலும் மீந்திருக்கும். அந்த இரவில் எங்களுக்கு இல்லாமற்போனது காசு அன்று. மலிவான டிஸ்க்கை விற்கும் கடை திறந்திருக்கவில்லை, திறந்திருந்தாலும் ஜி.எஸ்.டி. சாலையைக் கடந்து போக வழி இல்லை. போய் வாங்கி வந்திருந்தாலும் கூடுதல் டிஸ்க் ஒரு நிமிஷத்தையும் கூட்டிக் கொடுத்திராது.

'பேக்கப் வேறிடத்தில் வைத்திருக்க வேண்டாமா, அது உங்கள் பிழையல்லவா' என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வைத்திருந்தோம், அதாவது வைத்திருப்பதாக எண்ணிக்கொண்டிருந்தோம். வெள்ளிக்கிழமை இரவு தொடங்கித் திங்கள் காலைக்குள் வேற்றூர்க் கிளைக்கு எல்லா வி.எம்.களும் நகலாகிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. இயந்திரங்கள் வீங்க வீங்க, திங்கள் காலையில் வேலை முடியாமல் பாதியில் நிறுத்தப்படுவது வழக்கமாகி, பிறகு முதல் நான்கு இயந்திரங்களை மட்டும் அனுப்பினால் போதும் என்று ஒருவர் பட்டியலைச் சுருக்கி, சுருக்கியதை எவரும் எங்கும் எழுதி வைக்காமல் விட்டு, ஐந்து மாதம் ஆகியிருந்தது. டிஸ்க் மலிவு என்று சொல்லி வண்டலைத் தேக்கியதே பேக்கப்பையும் கொன்றது. இரண்டும் தனித்தனித் தவறுகள் அல்ல. ஒன்று மற்றொன்றை ஈன்றது.

வெள்ளம் என்றோ ஒருநாள் வருவது, அதை வைத்து அன்றாட விவகாரத்தைத் தீர்மானிக்கலாமா என்று கேட்பாரும் உளர். அன்றாட விவகாரத்துக்கே வருகிறேன். ஹோஸ்டில் 1 டி.பி. இருக்க, 80 ஜி.பி. வீதம் இருபது வி.எம்.களை உண்டாக்கி, 1.6 டி.பி.யை வாக்களித்துவிட்டு, எல்லாரும் ஒரே சமயத்தில் கேட்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் காலத்தை ஓட்டுவது எங்கள் சோதனைக்கூடங்களின் பொது வழக்கம். இந்த வழக்கத்தில் குற்றமில்லை. இது இல்லாமல் சிறு ஸ்தாபனம் பிழைக்க முடியாது. ஆனால் இல்லாத இடத்தை வாக்களித்திருப்பவர், இருக்கும் இடத்தைக் கண்ணுங் கருத்துமாக மீட்டுக்கொண்டே இருந்தாலொழிய, ஒரு நாள் ஹோஸ்ட் நிரம்பும். நிரம்பும்போது ஒரு வி.எம். மட்டும் நிற்காது, புதிதாய் எழுத இடம் கேட்கும் எல்லாமே ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். எழுதிக்கொண்டிருந்த தகவல் தளம் பாதியில் அறுபட்டு, மறுபடி எழாமலே போவதும் உண்டு. இது பெரும்பாலும் ரிலீஸுக்கு முந்தைய இரவில்தான் நேர்கிறது. அன்றைக்குத்தானே எல்லாரும் எல்லா இயந்திரங்களையும் ஒருங்கே ஓட்டுகிறார்கள்! இன்னொரு டிஸ்க்கைச் சேர்த்தால் அந்த இரவு சில மாதம் தள்ளிப்போகும். தள்ளிப்போனபின் வரும்போது இருபதுக்குப் பதில் நாற்பது இயந்திரங்கள் நிற்கும்.

இவையெல்லாம் செலவையும் சௌகரியத்தையும் பற்றிய வாதங்கள். என் ஆட்சேபணையின் வேர் இவற்றுக்கும் கீழே இருக்கிறது. சோதனைக்காரனுக்கு வி.எம். என்பது சாட்சி. ஒரு மென்பொருள் புது இயந்திரத்தில் சரிவர நிறுவப்படுகிறதா என்று அந்தச் சாட்சியைக் கேட்கிறோம். நிறுவப்படுகிறது என்று அது சொன்னால் கையெழுத்திட்டு வாடிக்கையாளருக்கு அனுப்புகிறோம். ஆனால் முன்னே நிறுவி நீக்கிய முப்பது பில்ட்களின் மிச்சம் மீதி அதனுள் கிடந்தால், அது புது இயந்திரம் ஆகாது. நாங்கள் சோதித்த ஒரு கணக்கு மென்பொருள், அதற்கு இன்றியமையாத ஒரு லைப்ரரியை நிறுவுப் பொதியில் வைக்கவே மறந்திருந்தது. பழைய பில்ட் ஒன்று விட்டுப்போன அதே லைப்ரரி எங்கள் வி.எம்.மில் இருந்தபடியால் எங்களிடம் ஏழு முறை ஒழுங்காக ஓடியது. வாடிக்கையாளரிடம் போய் முதல் முறையே திறக்க மறுத்தது. அந்த இயந்திரத்தின் டிஸ்க் ஏன் இவ்வளவு பெருத்திருக்கிறது என்று எங்களில் ஒருவராவது ஒரு மாதம் முன்னே கேட்டிருந்தால், கேட்டவர் உள்ளே போய்ப் பார்த்திருப்பார்; பார்த்தவர் அந்தப் பழைய ஃபோல்டரைக் கண்டிருப்பார். இடத்தை மீட்கப் புகுந்தவன் முதலில் கேட்க வேண்டியது, இங்கே இருப்பது என்ன, இது ஏன் இருக்கிறது என்பதுதான். சோதனைக்காரன் கேட்க வேண்டிய முதற் கேள்வியும் அதுவேயாகையால், தூர் வாருவது சோதனைக்குப் புறம்பான எடுபிடி வேலை என்னும் கூற்றை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அது அட்மினின் வேலை, நமக்கென்ன என்பது இதே கொள்கையின் இன்னொரு முகம். அட்மின் பார்ப்பது வெளியிலிருந்து. 60 ஜி.பி. உள்ள ஒரு ஸ்னாப்ஷாட் வேண்டுமா வேண்டாமா என்பது அவருக்குத் தெரியாது. அதை எடுத்த சோதனைக்காரருக்குத்தான் தெரியும். தெரியாதவர் ஒன்று எதையும் தொடாமல் விடுவார், அல்லது மேலிடத்து நெருக்கடியில் எல்லாவற்றையும் வாரிக் கொட்டுவார். ஸ்னாப்ஷாட் என்பது ஒரு கணத்தில் இயந்திரம் இருந்த நிலையை உறைய வைத்து, அதன் பிறகு நேரும் மாற்றங்களை மட்டும் வேறொரு ஃபைலில் எழுதிக்கொண்டு போகும் ஏற்பாடு. அதற்கு மேல் இன்னொரு ஸ்னாப்ஷாட், அதற்கு மேல் இன்னொன்று என்று தொடர் நீளும். எங்கள் பக்கத்தில் செம்பாக்கம் ஏரி நிரம்பினால் நன்மங்கலம், அங்கிருந்து கீழ்க்கட்டளை, பிறகு நாராயணபுரம், முடிவில் பள்ளிக்கரணைச் சதுப்பு என்று ஒன்றையொன்று நம்பி நிற்கும் நீர்நிலைகளை அறிந்தவருக்கு இத்தொடரின் இயல்பு எளிதில் விளங்கும். நடுவே ஒன்றைக் கெடுத்தால் அதற்குப் பின்னே வருபவை எல்லாம் கெடும்.

எங்களிடம் புதிதாய்ச் சேர்ந்த ஒரு தம்பி, இடமில்லை என்ற எச்சரிக்கையைக் கண்டு, நல்லெண்ணத்தோடு ஃபோல்டருக்குள் புகுந்து, இருப்பதிலேயே பெரிய ஃபைலைக் கையாலேயே நீக்கிவிட்டார். "பேரே புரியல ஸார், நம்பர் நம்பரா இருந்துச்சு, யாருக்கும் வேண்டாததுன்னு நெனச்சேன்" என்றார், குரல் நடுங்கியது. அது ஐந்து ஸ்னாப்ஷாட் தொடரில் மூன்றாவது. நான்காவதும் ஐந்தாவதும், அவற்றின் மேல் இரண்டு மாதமாய் நடந்த வேலையும் அதோடு போயின. அவரைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. ஸ்னாப்ஷாட்டை அதற்கான மெனு வழியாகவே நீக்க வேண்டும், அப்படி நீக்கும்போது அதன் மாற்றங்கள் பக்கத்து ஃபைலோடு கலக்கப்படுகின்றன, கலப்பதற்கே ஹோஸ்டில் இடம் வேண்டும், ஆகவே டிஸ்க் முழுதும் நிரம்பும்வரை காத்திருந்தால் நீக்கவும் வழியில்லாமற்போகும் என்று அவருக்கு எவரும் சொல்லித் தந்திருக்கவில்லை. சொல்லித் தராததற்குக் காரணம், டிஸ்க் மலிவு என்று எல்லாரும் நம்பியிருந்ததே.

நேரம் விலை உயர்ந்தது என்னும் இரண்டாவது பிரமாணத்துக்கு, வேலை எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதைக் காட்டுவதே மறுமொழி. சிட்லபாக்கத்தில் மூவராய் ஓர் அறை எடுத்துத் தங்கி, சோதனைத் தொழில் கற்றுக்கொண்டிருக்கும் ஒரு பெண் என்னிடம் பாடம் கேட்க வருவார். அவரிடம் இருந்தது 2011-ல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் பள்ளியில் பெற்ற லேப்டாப். விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் சேர்த்துக் கொடுத்தார்களே, அந்த வகை. ஒருநாள் அதைத் தூக்கிக்கொண்டு வந்து, "ஸார், வி.எம். அப்படியே நின்னுடுச்சு, டிஸ்க் ஃபுல்லுன்னு வருது. புதுசு வாங்கணுமா ஸார்?" என்றார். வாங்கணுமா என்று கேட்கும்போது அவர் முகத்தில் இருந்ததை, டிஸ்க் மலிவு என்பவர்கள் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். மலிவு என்னும் சொல் ஸ்தாபனத்தின் பணப்பையிலிருந்து பேசுகிறது. முடிச்சூரிலும் செம்பாக்கத்திலும் அறை வாடகையை எண்ணி வைத்துக்கொண்டு படிக்கும் பிள்ளைகளின் பணப்பை அதற்குத் தெரியாது.

"வாங்க வேண்டாம்மா, உட்காரு" என்றேன். வெளியே இருந்த பழைய டவுன்லோடுகளை நகர்த்திக் கொஞ்சம் இடம் பண்ணி, நின்றுபோன இயந்திரத்தை எழுப்பினோம். வர்ச்சுவல்பாக்ஸில் விண்டோஸ், ஸ்னாப்ஷாட் இல்லை, டிஸ்க் ஃபைல் 58 ஜி.பி. முதலில் இயந்திரத்தின் உள்ளே போய், வி.எம்.முக்குத் தேவையே இல்லாத ஹைபர்னேட் வசதியை அணைத்தோம். அதற்கென்று ஒதுக்கிய ஃபைல் மறைந்தது. விண்டோஸ் அப்டேட் விட்டுப்போன பழைய பதிப்புகளை அதன் சொந்தத் துப்புரவுக் கருவியாலேயே நீக்கினோம். பரீட்சைக்காக நிறுவியிருந்த நான்கு பிரவுசர்களில் எவை வேண்டும் என்று அவரே யோசித்துச் சொன்னார், இரண்டு போயின. ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தோம். இதுவரைக்கும் வெளியே இருக்கும் ஃபைல் 58-லேயே நிற்பதை அவருக்குக் காட்டினேன், வியப்போடு பார்த்தார். பிறகு எஸ்டெலீட் என்ற சிறு கருவியைக் கொண்டு உள்ளே காலி என்று குறித்திருந்த இடமெல்லாம் பூஜ்யத்தை எழுத வைத்தோம். மின்விசிறிச் சத்தத்தோடு அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, நாங்கள் அன்றைய பாடத்தை நடத்தினோம். இயந்திரத்தை முறைப்படி அணைத்து, பூஜ்யமான இடத்தை உதிர்த்து ஃபைலைச் சுருக்கும் காம்பேக்ட் கட்டளையை ஹோஸ்டிலிருந்து கொடுத்ததும், கறுப்புத் திரையில் பத்து, இருபது, முப்பது என்று சதவீதம் ஏறி நூறைத் தொட்டது. ஃபைல் 21 ஜி.பி. ஆகியிருந்தது. மொத்தம் ஒன்றேகால் மணி நேரம். அதில் நாங்கள் கைவைத்து வேலை செய்தது இருபது நிமிஷத்துக்குள். எஞ்சியது இயந்திரம் தனியே உழைத்த நேரம். ஓர் ஆளின் நேரத்தை இது விழுங்குகிறது என்று வாதிப்பவர், வீங்கிய இயந்திரத்தை நகலெடுக்கக் கொடுத்துவிட்டு அதன் முன்னே நாற்காலியில் சாய்ந்து காத்திருக்கும் ஐந்து பேரின் நேரத்தை என்ன கணக்கில் எழுதுகிறார்?

இம்முறையிலும் சில நுணுக்கங்கள் உண்டு என்பதை மறைக்க மாட்டேன். சில வகை டிஸ்க்குகளில் பூஜ்யம் எழுதும்போதே ஃபைல் அதன் முழு அளவுக்கு விரிந்துவிடும். அதற்கு ஹோஸ்டில் இடமிருக்கிறதா என்று முன்னமே பார்த்துக்கொள்ள வேண்டும். உள்ளே டிஸ்க்கை என்கிரிப்ட் செய்திருந்தால் வெளியே பூஜ்யம் பூஜ்யமாகத் தெரியாது, சுருங்கவும் சுருங்காது. ஸ்னாப்ஷாட் இருக்கும்வரை வி.எம்.வேர் தன் டிஸ்க்கைச் சுருக்க இடம் கொடுக்காது. லினக்ஸ் ஹோஸ்டில் கே.வி.எம். உபயோகிப்பவர்களோ இவ்வளவு சிரமப்பட வேண்டியதே இல்லை. டிஸ்கார்ட் என்னும் அமைப்பை முன்னமே திறந்து வைத்துவிட்டால், உள்ளே இருக்கும் இயங்குதளம் காலியான இடத்தைத் தானே வெளியே அறிவித்துவிடும், ஹோஸ்டும் உடனுக்குடன் எடுத்துக்கொள்ளும். போன குடித்தனக்காரர் சாவியைக் கையோடு கொடுத்துவிட்டுப் போகிறார்.

எதிர்ப்பக்கத்தில் ஒரு வாதம் மட்டும் வலுவுடையது, அதை மதிக்கிறேன். இயந்திரத்தைப் பேணுவானேன், சமையற்குறிப்புப் போல் அதன் செய்முறையை எழுதி வைத்துக்கொண்டு, சோதனை முடிந்ததும் அடியோடு அழித்துவிட்டு, மறுநாள் புதிதாகச் செய்துகொண்டால் வண்டல் என்ற பேச்சே எழாதே என்கிறார்கள். செய்ய முடிந்த இடத்தில் அதுவே உத்தமம். நாங்களும் பாதிக்கு மேல் அப்படித்தான் செய்கிறோம். ஆனால் பன்னிரண்டு ஆண்டுக்கு முன் நிறுவி, வாடிக்கையாளரின் ஆட்கள் இடையிடையே கைவைத்து, எந்தப் பேட்ச் எந்த வரிசையில் ஏறியது என்று எவருக்கும் நினைவில்லாத ஒரு நிலையைச் செய்முறையாக எழுத எவராலும் முடியாது. அவர்களுடைய பக் அந்த நிலையில் மட்டுமே தோன்றும். இன்னும் சிலர் எல்லாவற்றையும் கிளவுடுக்கு ஏற்றிவிட்டால் இந்தத் தொல்லை ஒழிந்தது என்கிறார்கள். அமேசானின் சாதாரண டிஸ்க்குக்கு, உள்ளே எவ்வளவு எழுதினோம் என்பதைப் பாராமல், ஒதுக்கிக்கொண்ட அளவுக்கே வாடகை; ஒருமுறை பெருக்கிய டிஸ்க்கை அப்படியே சுருக்கவும் அங்கே வழி இல்லை. தாம்பரத்தில் ஒருமுறை விலையாகக் கொடுத்ததை அங்கே மாதந்தோறும் வாடகையாகக் கொடுப்போம். தொல்லை ஒழிந்ததாக ஆகாது.

அந்த வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் சோதனைக்கூடத்தில் ஒரு நோட்டு வைத்தேன். ஸ்தாபனம் மாறியபோதும் அதை என்னோடு கொண்டுவந்தேன். ஒவ்வொரு வி.எம்.முக்கும் ஒரு பக்கம். ஸ்னாப்ஷாட் எடுப்பவர் தம் பெயரையும், எதற்காக எடுத்தார் என்பதையும், எந்தத் தேதியில் நீக்கலாம் என்பதையும் அதிலே எழுதிக் கையெழுத்திட வேண்டும். மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை மாலை எல்லாரும் சேர்ந்து அதைப் படித்து, நீக்க வேண்டியதை நீக்கி, இரவு முழுதும் காம்பேக்ட் ஓடும்படி விட்டுச் செல்கிறோம். முதற் பக்கத்தில் இருப்பது விண்டோஸ் சர்வர் 2003 இயந்திரம் ஒன்று. அன்றிரவு ஏழாவதாக நகலெடுக்கத் தொடங்கிப் பாதியில் நின்றது அதன் மூலம்தான். அப்போது அதன் ஃபைல் 160 ஜி.பி.; பெரிதாயிருக்கிறதே, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தாளில் அதைக் கீழே தள்ளி எழுதியவன் நானே. வாடிக்கையாளரின் பழைய கடிதங்களைப் புரட்டியும், அவர்களுடைய ஆட்களைத் தொலைபேசியில் விசாரித்தும் அந்த நிலையை மறுபடி உண்டாக்க ஆறு வாரம் ஆயிற்று. உண்டாக்கி, தூர் வாரி, சுருக்கிய பின் அதன் அளவை அந்தப் பக்கத்தில் எழுதினேன்: 19 ஜி.பி. அன்றிரவு அதை வெளியே எடுக்க மூன்றரை நிமிஷம் போதுமானதாயிருந்திருக்கும்.